சந்தனம் ஒட்டாத நம்பர்

பெங்களூர், அக்டோபர் 1998

அன்புள்ள பொன்னழகு,

நான் சுகம். சாணார்பட்டியில் நீயும் அப்பாவும் சுகமா? அப்பாவின் மூட்டுவலி தேவலையா?

இங்கே ஒரு சின்ன விஷயம், பயப்படாதே. ஒர்க்‌ஷாப்பில் விலைக்கு வைத்திருந்த பழைய புல்லட் எஞ்சினைப் பார்க்க ஒருவர் வந்தார். எஞ்சின் எந்த வருஷத்தது என்பதை அதில் வெட்டிய நம்பர்தான் சொல்லும். "அம்பத்தஞ்சு மாடல்னு சொல்லிப்போடு," என்றார் ஒட்டன்சத்திரத்து முதலாளி. துடைத்துப் பார்த்தேன். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை வைத்த சந்தனம் இடுக்கெல்லாம் இறுகிக் கிடந்தது. நம்பர் பள்ளம் மட்டும் பளிச்சென்று இருந்தது.

"நம்பரு புதுசுண்ணே," என்று வந்தவரிடமே சொல்லிவிட்டேன். அவர் போனதும் முதலாளி கதவைச் சாத்தினார். கொஞ்சம் வாய்த்தகராறு, அவ்வளவுதான்.

வந்தவர் அத்தாட்சி கேட்கிறார். அப்பாவின் புல்லட் அசல் ஐம்பத்தைந்து, அதன் நம்பரோடு ஒப்பிட்டுக் காட்டலாம். ஈரத்துணியால் சந்தனத்தைத் துடைத்து, நம்பர்மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து அனுப்பு. பின்பக்கம் நீ நாலு வரி எழுது. ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பாதே, உறையிலுள்ள புது விலாசத்துக்கு அனுப்பு.

எழுத்து ஏன் கோணலாக இருக்கிறது என்று அப்பா கேட்டால், பஸ்ஸில் எழுதியது என்று சொல். இடது கையால் எழுதினேன் என்பது உன்னோடு இருக்கட்டும்.

மணிமாறன்