பிள்ளையாருக்கு அடுத்த அடி

ஜனவரி 15, 2023

கொழிஞ்சாம்பாறையில் ரேக்ளா பந்தயம். நடத்துவது டெபாசிட் பிடிக்கிற சந்துரு நிதி கம்பெனி. வழி நெடுக ஃப்ளெக்ஸ். எல்லாவற்றிலும் சந்துருவின் முகம் காளையைவிடப் பெரிசு. ஓடுவது காளை, மாலை இவனுக்கு! சந்தையில் ஆட்டு வியாபாரிகளுக்கு வட்டிக்கு விட்டுக்கொண்டிருந்தவன். இப்போது மலைமேல் சின்னக்கானல் வரைக்கும் கிளை. நரைத்த தலைகளெல்லாம் எழுந்து நின்று கும்பிடுகின்றன.

பிப்ரவரி 3

என் குழுவின் கும்மி அரங்கேற்றத்துக்குச் சேலை, மேடை, மைக் எல்லாம் சந்துரு செலவாம். அவனுடைய மேனேஜர் கௌசிக் வந்தான். "பிள்ளையாரைப் பாடி முடிச்சதும் எங்க சேர்மன் பேருல ஒரு அடி வெச்சுப் பாடீருங்கக்கா. அவ்வளவுதானுங்க."

அவ்வளவுதானாம். அந்த இடத்தில் ஒரு மனுஷன் பேர் வரவேண்டுமென்றால் அவன் ஊருக்குக் கிணறு வெட்டியிருக்கணும், இல்லை கோயிலுக்கு நிலம் விட்டிருக்கணும். இங்கே பிறந்த எல்லோருக்கும் இது தெரியும். முடியாது என்றேன்.

"உனக்கெதுக்கு இத்தனை வீம்பு?" என்கிறார் என் வீட்டுக்காரர். "சேலை எடுத்துக் குடுக்க உங்கிட்ட என்ன இருக்குது?"

பிப்ரவரி 6

நான் கும்மி சொல்லிக்கொடுக்கும் பெண்கள் அதற்குள் சேலையின் கலரைப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். மாட்டேனென்றால் வேறு வாத்தியாரிடம் போய்விடுவார்கள். பதினோரு வருஷம் சேர்த்த குழு.

எழுதிக் கொடுத்தேன். 'அள்ளிக் கொடுக்கிற சந்துரு அண்ணனைச் சொல்லிக் கும்மியடி.' நல்லாத்தான் வந்திருக்கு. அதுதான் எரிச்சல்.

மே 21

அரங்கேற்றம். அந்த அடி வந்ததும் சந்துரு எழுந்து கைகூப்பினான். அப்புறம் பாட்டு முடியும்வரை செல்லில் பேசிக்கொண்டிருந்தான். கல்பாத்தியில் கச்சேரிக்கும் இவன்தான் பணம் கொடுக்கிறானாம். அங்கேயும் பாட்டை இப்படித்தான் கேட்டிருப்பான்.

ஜூன் 9, 2024

குழுவில் ஆடும் மூக்கம்மாள் இரண்டு கறவை மாட்டை விற்று நிதியில் போட்டிருக்கிறாள். யாரைக் கேட்டுப் போட்டாய் என்று கத்தினேன். "நீங்க பாடுனதுதானுங்களே அக்கா. பாட்டுலயே பேரு வந்திருச்சு, இனி என்னுங்க பயம்?" என்று சிரிக்கிறாள்.



மார்ச் 4, 2025

நிதிக்குப் பூட்டு. எல்லாக் கிளையும். சந்துரு கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில், நெஞ்சுவலியாம். அன்றைக்கு எழுந்து கும்பிட்டவர்களே அவனுடைய ரேக்ளா காளைகளை அவிழ்த்து ஓட்டிக்கொண்டு போனார்கள். "எனக்கு அப்பவே தெரியும்" என்கிறார் என் வீட்டுக்காரர்.

த்தூ!

மார்ச் 12

சின்னக்கானலிலிருந்து ஒரு அம்மா, பேர் வேலுத்தாய். போன பணத்துக்காக போலீஸ் ஸ்டேஷனில் பராதி கொடுக்க வந்தவள், என் வீட்டை விசாரித்து வந்துவிட்டாள். திட்டத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். செல்லை எடுத்து எங்கள் கும்மியைப் போட்டுக் காட்டினாள்.

"இதைக் காட்டித்தாம்மா தேயிலை எஸ்டேட்ல எல்லார்ட்டயும் பணம் வாங்குனாக. சாமி பேருக்கு அடுத்தாப்புல வச்சுப் பாடுறாகளே, சும்மாவா பாடுவாகன்னு போட்டேன். கொழுந்து கிள்ளி ரிட்டையர் ஆன காசு."

செல்லில் என் குரல். கணீரென்று இருக்கிறது, சனியன். காப்பி போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டு, "நல்லா பாடுறீக" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதற்கு என்னை அடித்திருக்கலாம்.

ஏப்ரல் 20

கௌசிக் மறுபடியும்! புதுச் சட்டை, புது முதலாளி, ஏதோ நகைக்கடை. "பேரை மட்டும் மாத்தீருங்கக்கா. தாளத்துக்குச் சரியா உக்காருதுங்க." உட்கார வைத்துப் பாடியே காட்டினான். என் வீட்டுக்காரர் தலையாட்டிக் கேட்கிறார்!

எந்திரிச்சுப் போடா வெளியே என்றேன். இரண்டு பேரையும் சேர்த்துத்தான்.

மே 4

பாதிப் பேர் வேறு வாத்தியாரிடம் போய்விட்டார்கள். அங்கே நகைக்கடைக்காரன் பேர் ஏறிவிட்டதாம். என் மெட்டில்தான்.

மே 18

இன்றைக்கு ஆறு பேர்தான் வந்தார்கள். பழைய சேலை, மைக் இல்லை. மூக்கம்மாள் வருவாள் என்று நினைக்கவேயில்லை. வந்து கடைசியில் நின்றாள். என்னைப் பார்க்கவில்லை.

பிள்ளையாரைப் பாடினோம். அந்த இடம் வந்தது. யாரும் பேசி வைக்கவில்லை, எல்லா வாயும் தானாக மூடிக்கொண்டது. காலும் கையும் மட்டும் நிற்கவில்லை. அந்த ஒரு அடி முழுக்கக் கைதட்டும் சத்தம்தான். பிறகு அம்மன் பாட்டு.

முடிந்ததும் மூக்கம்மாள்தான் வாயைத் திறந்தாள். "அந்த இடத்தை அப்படியே உட்ருங்கக்கா. இனி யாரு பேரும் வேண்டாமுங்க."