தொடர் ஒலியை நம்ப வேண்டாம்

நாள் 23 | காலை 06:40

நிலவுத் தென்முனை நிலையம். பதிவு செய்வது: ஜெனோவா மச்சாது, பராமரிப்புப் பொறியாளர்.

காற்றழுத்தம் சரி. மின்கலங்கள் சரி. கரியமில வடிகட்டி நேற்று மாற்றியது. வழிகாட்டி ஒலி ஓடுகிறது.

கணினி மறுபடி நின்றது. இந்த வாரத்தில் எத்தனையாவது முறை என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். மவுஸ் அசையவில்லை. கீபோர்டில் எந்த விளக்கும் மாறவில்லை. மடிக்கணினியிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தேன், பதில் இல்லை. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தேன், போட்டேன். ஒன்றுமே நடக்காததுபோல் எழுந்து வந்தது.

எனக்குப் பின் இந்த நாற்காலியில் உட்காரப்போகிறவருக்கு: இது வழிகாட்டிக்கென்று செய்த கருவி இல்லை. அறிக்கை தட்டச்சு செய்யக் கொடுத்தனுப்பிய சாதாரண மேசைக் கணினி, லினக்ஸில் ஓடுகிறது. உண்மையான கட்டுப்பாட்டுப் பெட்டி எரிந்துபோனதால், பூமியிலுள்ள தரைக்கட்டுப்பாட்டின் ஒப்புதலோடு, இதன் ஒலி அட்டையிலிருந்து இரண்டு ஒயர் இழுத்துக் கோபுரத்துக்குக் கொடுத்திருக்கிறோம்.

நாள் 23 | பிற்பகல் 01:15

லாக் கோப்புகளை முழுக்கப் படித்தேன். பிழைச் செய்தி எதுவுமில்லை. நின்ற ஒவ்வொரு தடவையும் கடைசி வரி சாதாரண வரிதான், அதற்குப் பிறகு வெறுமை. கணினிக்கே தெரியாமல் கணினி நின்றிருக்கிறது.

சூடு? இல்லை. வட்டில் இடம்? நிறைய. ரேமைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் பொருத்தினேன். இன்று முழுக்க நினைவகச் சோதனை ஓடட்டும்.

வழிகாட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. பள்ளத்துக்குள் சூரியன் எட்டிப் பார்த்ததே கிடையாது. உள்ளே போய்வர ஒரு குறுகிய முகடுதான் பாதை, இரண்டு பக்கமும் சரிவு. கோபுரத்தின் இடது ஆன்டெனா குட்டைக் குட்டையாக ஒலி எழுப்பும். வலது ஆன்டெனா அந்த இடைவெளிகளை நீள ஒலியால் நிரப்பும். இடப்பக்கம் விலகினால் வண்டியில் குட்டை ஒலி கேட்கும், வலப்பக்கம் விலகினால் நீள ஒலி. நடுப்பாதையில் இரண்டும் சேர்ந்து இடைவெளியே இல்லாமல் தொடர் ஒலியாகக் கேட்கும். தொடர் ஒலி கேட்டால் நேராகப் போகலாம். அவ்வளவுதான்.

நாள் 24 | காலை 05:50

நினைவகச் சோதனை முடிந்தது. ஒரு பிழைகூட இல்லை. அத்தனை நேரமும் ஒருமுறைகூட நிற்கவில்லை. சோதனையை மூடிவிட்டுத் தேநீர் கலக்கப் போனேன். திரும்பி வந்தால் நின்றிருந்தது.

நான் உட்கார்ந்து பார்க்கும்போது இது நிற்பதே இல்லை. எழுந்து போனால் நிற்கிறது. இதை அறிக்கையில் எப்படி எழுதுவது?

துணைக்கோள் தலைக்கு மேல் வந்தபோது தரையிலிருந்து சௌடேஸ்வரி பேசினாள். கணினிப் பிரிவில் எனக்கு உதவ இருப்பவள் அவள் ஒருத்திதான்.

"ஏனுங்க ஜெனோவா, லாக்கெல்லாம் வந்துச்சுங்க. ஒண்ணுமே தெரியலைங்க எனக்கு. திரை டிரைவரை மாத்திப் பாருங்க, பழைய கெர்னல்ல ஏத்திப் பாருங்க. கொஞ்சம் தூங்கவும் பாருங்க, குரலே ஒரு மாதிரி இருக்குது."

டிரைவரை மாற்றினேன். லினக்ஸின் மையநிரலான கெர்னலின் பழைய பதிப்பில் ஏற்றினேன். தூக்கம் மட்டும் வரவில்லை.

நாள் 25 | காலை 09:00

கெர்னலை மாற்றியபின் நேற்று முழுநாளும் நிற்கவில்லை. பாறை மாதிரிகளின் படங்களையெல்லாம் சுருக்கி அனுப்பும் வேலையை ஓடவிட்டிருந்தேன். ஒரு தடங்கலும் இல்லாமல் முடித்தது. பழைய கெர்னல்தான் தீர்வு என்று எழுத ஆசையாக இருக்கிறது.

இங்கே இருக்கும் இன்னொருவர் இசக்கியப்பன், நிலவியலாளர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். பள்ளத்தின் அடியில் துளைக்கருவி பனியைத் தொட்டுவிட்டதாம். கருவி பனியோடு சேர்ந்து உறைந்து இறுகுவதற்குள் மாதிரியை எடுக்க வேண்டும். இன்றே போக வேண்டும் என்றார். கணினி ஒருநாள் ஒழுங்காக ஓடியதைச் சொன்னேன். அது அவருக்குப் போதுமானதாக இருந்தது. உண்மையைச் சொன்னால் எனக்கும்தான்.

நாள் 25 | பிற்பகல் 03:30

முகட்டின் கடைசி மேட்டிலிருந்து அவர் பேசினார். வண்டியின் வானொலிக்கு வீச்சு குறைவு. நம் ஒலி அவருக்கு எங்கும் கேட்கும், அவர் குரல் நமக்கு மேடுகளில் ஏறினால்தான் கேட்கும்.

"எம்மா ஜெனோவா, சத்தம் நல்லா கேக்கு. இனி கீழ இறங்கிருதேன். ராத்திரி வண்டியிலயே படுத்துக்கிட்டு காலையில ஏறி வாரேன். நீ கம்ப்யூட்டர் முன்னாலயே குத்தவச்சுக்கிட்டு இருக்காத, போய்ப் படு."

வேறு வேலை எதுவும் ஓடவில்லை. வழிகாட்டி ஒலி மட்டும். படுக்கப் போகிறேன்.

நாள் 26 | அதிகாலை 04:20

விழித்தபோது சத்தம் வேறு மாதிரி இருந்தது. சோதனைக்காக அறையில் ஒரு சின்ன ஸ்பீக்கரை வழிகாட்டி ஒலியோடு இணைத்திருக்கிறேன். எப்போதும் குட்டையும் நீளமுமாக மாறி மாறி வருவது, ஒரே இழுப்பாக இழுத்துக்கொண்டிருந்தது. கணினி நின்றிருந்தது.

பவர் பட்டனில் கை வைத்த பிறகுதான் உறைத்தது.

இதுவரை நின்ற நேரங்களில் ஸ்பீக்கரை அணைத்துவைத்திருந்தேன்; அண்ணாச்சி வெளியே இருப்பதால்தான் நேற்றிரவு போட்டுவைத்தேன். கணினி நின்றால் ஒலியும் நின்றுவிடும், வண்டியில் இருப்பவர் மௌனத்தைக் கேட்டு நிறுத்திக்கொள்வார் என்றே நானும் தரையும் நம்பியிருந்தோம். ஒலி நிற்கவில்லை. ஒலி அட்டை தன்னிடம் கடைசியாக இருந்த துணுக்கையே திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. குட்டை ஒலியின் நடுவில் நின்றால் அந்த ஒலி முடிவதே இல்லை. இடைவெளியே இல்லாத ஒலி.

முகட்டிலிருந்து விலகிச் சரிவில் இருந்தாலும் வண்டியில் தொடர் ஒலிதான் கேட்கும். நேராகப் போ என்று சொல்லும்.

நாள் 26 | அதிகாலை 04:45

கணினி எழுந்துவிட்டது. லாக்கின் கடைசி வரியைப் பார்த்தேன். நான் தூங்கிய சிறிது நேரத்திலேயே நின்றிருக்கிறது. மணிக்கணக்கில் தப்பான ஒலி போயிருக்கிறது.

காலையில்தான் ஏறுவேன் என்றார். தூங்கிக்கொண்டிருப்பார். தூங்கிக்கொண்டிருக்க வேண்டும்.

ஒலியை நிறுத்திவிட்டுக் குரலில் சொன்னேன். அப்படியே பதிகிறேன்:

"அண்ணாச்சி, ஜெனோவா பேசுதேன். ஓட்டிக்கிட்டு இருந்தா உடனே வண்டிய நிறுத்துங்க. ராத்திரி வந்த தொடர் சத்தம் பொய். நம்பாதீங்க. இப்ப இருந்து வாரதுதான் நிஜம். எங்கயாவது மேட்டுல ஏறி ஒரு வார்த்த பேசுங்க."

ஐந்து தடவை சொன்னேன். பதில் இல்லை. பள்ளத்தின் அடியில் இருந்தால் பதில் வராது. வராததற்கு அதுவே காரணம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

நாள் 26 | காலை 07:30

கணினி முன்னால் இருந்து எழவில்லை. கண் எரிகிறது. நின்ற நேரங்களையும் நிற்காத நேரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நினைவகச் சோதனை: நிற்கவில்லை. படம் சுருக்கியது: நிற்கவில்லை. நான் எதையாவது நோண்டிக்கொண்டிருக்கும்போது: நிற்கவில்லை. தேநீர், தூக்கம், சும்மா இருந்த நேரம்: நின்றது.

வேலை கொடுத்தால் ஓடுகிறது. ஓய்வு கிடைத்தால் நிற்கிறது. கெர்னலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. நேற்று நான் எழுத ஆசைப்பட்டது பொய்.

சௌடேஸ்வரிக்கு இதை மட்டும் அனுப்பினேன். துணைக்கோள் மறுபடி வந்தபோது பதிலோடு இருந்தாள்.

"அதேதானுங்க! வேலையில்லைன்னா பிராசசர் படிப்படியா ஆழ்ந்த தூக்கத்துக்குப் போகுமுங்க. அங்க இருக்கற பவர் சப்ளை பழசு, அவ்வளவு கொஞ்சமா மின்சாரம் இழுத்தா அதுக்குத் தாங்கலை போல. எழுந்துக்க முடியாம அப்படியே நின்னுருது. அந்தத் தூக்கத்தை மட்டும் தடுத்துட்டாப் போதுமுங்க. ரீஸ்டார்ட் பண்ணாதீங்க, ஓடறப்பவே மாத்தலாம். ஒரே ஒரு வரி, அனுப்பறனுங்க."

ஒரு வரி. தட்டினேன். வேறு எதையும் ஓடவிடாமல், தொடாமல், பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

நாள் 26 | காலை 10:50

நிற்கவில்லை. ஒலி குட்டையும் நீளமுமாகச் சரியாக வருகிறது. சரிசெய்துவிட்டேன். மகிழ்ச்சி ஒன்றும் இல்லை.

காலையிலேயே கிளம்பியிருந்தால் அண்ணாச்சி இந்நேரம் முதல் மேட்டுக்கு வந்து பேசியிருக்க வேண்டும்.

நாள் 26 | பகல் 12:10

பேசவில்லை. வண்டியில் அவருக்குக் காற்று மாலை வரைதான் வரும். தரையிடம் சொன்னேன். அடுத்த முறை துணைக்கோள் வரும்வரை காத்திருக்கச் சொன்னார்கள். அதிகாரி பேசி முடித்தபிறகு சௌடேஸ்வரி குரல் தாழ்த்திக் கேட்டாள்: "நடந்தே போறீங்களா?" ஆமாம் என்றேன். "பாத்துப் போங்க கண்ணு" என்றாள்.

வண்டிக்கான ஆக்சிஜன் உருளை ஒன்றை இழுத்துக்கொண்டு போகிறேன். இங்கே எடை ஆறில் ஒரு பங்குதான், இழுக்கலாம். என் உடையில் காற்று நான்கு மணி நேரத்துக்கு இருக்கிறது. முழுதாக நிரப்பக் காத்திருக்கவில்லை. முகட்டுப் பாதையில் போய், வண்டித் தடம் எங்கே விலகுகிறது என்று பார்ப்பேன்.

கணினி பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமலே ஓடும். இந்தப் பதிவைத் திரையில் திறந்தே வைத்திருக்கிறேன்.

நாள் 26 | பிற்பகல் 02:05

எழுதுவது இசக்கியப்பன். நிலையத்தில் ஜெனோவா இல்லை. மேலே உள்ளதைப் படித்துவிட்டேன்.

அடியில் குளிர் தாங்காமல் தூக்கம் வரவில்லை. நடுராத்திரியே கிளம்பிவிட்டேன். ஒலி ஒரே சீராக வந்தது, நேராகத்தான் போகிறேன் என்று ஓட்டினேன். முகட்டைத் தாண்டி இடப்பக்கச் சரிவில் இறங்கியிருக்கிறேன். ஜெனோவாவின் குரல் வந்ததும் பிரேக் பிடித்தேன். விளக்கைக் கீழே திருப்பிப் பார்த்தால் முன்சக்கரத்துக்கு அப்பால் தரையே இல்லை.

வெகுநேரம் அசையாமல் இருந்தேன். ஒலி இப்போது இடைவெளி விட்டுக் குட்டைக் குட்டையாக வருவதை உறுதிசெய்துகொண்டு பின்னோக்கி எடுத்தேன். திரும்ப முகட்டில் ஏற வண்டிக்கு இழுவை போதவில்லை. சரிவின் அடியை ஒட்டிச் சுற்றி வந்தேன். மேடு எதுவும் ஏறாததால் பேச முடியவில்லை. அவள் மேலே நடந்திருக்கிறாள். நான் கீழே வந்திருக்கிறேன்.

வண்டியில் மின்சாரம் துடைத்துவிட்டதுபோல் காலி. சார்ஜில் போட்டிருக்கிறேன்.

குரலில் கூப்பிட்டேன்: "எம்மா ஜெனோவா, நான் வந்துட்டேன். நிலையத்துலதான் நிக்கேன், வண்டி சார்ஜ்ல கெடக்கு. நீ திரும்பி நட." பதில் இல்லை. மேட்டுக்குப் பின்னால் இருக்கலாம்.

நாள் 26 | பிற்பகல் 03:10

கேட்டது. அவள் உடையின் வானொலியிலிருந்து, விட்டு விட்டு.

"அண்ணாச்சி... தடத்த பாத்துட்டேன். கீழ இறங்கி, நின்னு, திரும்பியிருக்கு. அப்ப நீங்க பொழச்சிட்டீங்க." சிரித்தாள். "சறுக்கி விழுந்துட்டேன், கால் மடங்கிட்டு. காத்து ஒரு மணி நேரம் வரும். இந்த உருளை வண்டிக்குத்தான், என் உடைக்குப் பொருந்தாது. நீங்க சார்ஜ் ஏறாம கிளம்பிராதீங்க. நான் இங்கனயே உக்காந்துக்கிடுதேன். ரொம்ப அசதியா இருக்கு."

"உக்காராத. எந்திச்சு நில்லு. எங்கிட்ட பேசு."

"கொஞ்ச நேரந்தான் அண்ணாச்சி."

அதன்பிறகு அவள் பேசவில்லை. நானும் தொடர்ந்து பேச முடியாது. என் குரல் போனால் வழிகாட்டி ஒலி நிற்கும், அந்த ஒலி இல்லாமல் நான் அவளிடம் போய்ச் சேர முடியாது.

சார்ஜ் கால்வாசிகூட ஏறவில்லை. போகப் போதும். அவள் உடைக்குப் பொருந்தும் காற்றுப் பொதி இரண்டை வண்டியில் ஏற்றிவிட்டேன். வழியில் வண்டி நின்றால் அவளை முதுகில் தூக்கிக்கொண்டு நடப்பேன்.

சௌடேஸ்வரிக்கோ, இங்கே முதலில் வந்து சேர்கிறவருக்கோ: இந்தக் கணினியை அணைக்க வேண்டாம். மௌனமாக, வேலையில்லாமல் இருப்பதுபோல் தெரியும். இல்லை. வெளியே இரண்டு பேர் இதைக் கேட்டுக்கொண்டுதான் திரும்பி வர வேண்டும்.