நாலு மூலையிலும் மஞ்சள்

என் பச்சையம்மா அக்காவுக்கு,

நேற்று செங்கம் ரோட்டில் உன்னைப் பார்த்தேன். பேயாக இல்லை, பயப்படாதே. ஒரு கடையின் கண்ணாடி அலமாரிக்குள் சின்னச் சின்னக் காகித உறைகளாக உன்னை அடுக்கி வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றிலும் நாலு மூலையில் மஞ்சள். அப்படியே ரோட்டில் நின்றுவிட்டேன். பின்னால் வந்த ஆட்டோக்காரன் திட்டிவிட்டுப் போனான்.

எந்தக் கடை என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாம் இரண்டு பேரும் பின்கட்டில் உட்கார்ந்து காகிதம் செய்த கடைதான். உன் கை சுத்தமில்லை என்று உன்னை வெளியே அனுப்பிய கடை.

இதை நாலு பேர் படிப்பார்கள் அக்கா. அதனால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்கிறேன். அவர்களும் தெரிந்துகொள்ளட்டும்.

கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரே வீட்டில், அண்ணனுக்கு நீயும் தம்பிக்கு நானும் வாழ்க்கைப்பட்டோம். பெரியவர், உன் வீட்டுக்காரர், திடீரென்று கண்ணை மூடிவிட்டார். உன் மகள் கவிதா அப்போது பள்ளிக்கூடத்தில் சேர்ந்த புதிது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் நல்லது எது நடந்தாலும் உன்னைச் சமையல்கட்டுக்கு அனுப்பினார்கள். நம் நாத்தனார் கல்யாணப் பத்திரிகைக்கு மூலையில் மஞ்சள் வைக்க உட்கார்ந்தபோது, நீ தட்டை எடுத்துக் கொடுக்க வந்தாய். "நீ தொடாத அண்ணி, மல்லிகா எடுக்கட்டும்" என்றாள் அந்த மகராசி. நீ தட்டை மெதுவாகக் கீழே வைத்துவிட்டுப் போனாய். உன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பிறகு ஒருவர் பின் ஒருவராக டவுனுக்கு வந்தோம். ஆசிரமத்துக்கு வருகிற வெள்ளைக்காரர்களுக்குக் கைக்காகிதம் என்றால் உயிர் என்று அந்தக் கடைக்காரம்மா சொன்னார். தையல் கடை வெள்ளைத் துணி வெட்டுகளை ஊறவைத்துக் கூழாக அடித்து, தொட்டியில் கரைத்து, சல்லடைச் சட்டத்தில் அள்ளுவது உன் வேலை. காய்ந்ததை வெட்டி, மடித்து, மைதாப் பசை போட்டு ஒட்டுவது என் வேலை. நீ வாயே திறக்கமாட்டாய். உனக்கும் சேர்த்து நான் பேசுவேன்.

அந்த ஆர்டர் வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? கடைக்காரம்மா ஒரு பிளாஸ்டிக் அட்டையைக் காட்டி, இது நுழைகிற அளவுக்கு உறை வேண்டும், அமெரிக்காவுக்குப் போகிறது என்றார். இதைக் கடையில் கொடுத்தால் துணியோ பொருளோ எடுத்துக்கொள்ளலாம், பிறந்தநாளுக்கும் கல்யாணத்துக்கும் கொடுப்பார்கள் என்று விளக்கினார். அன்றைக்கு நீ வாயைத் திறந்தாய்.

"இன்னாம்மா இது, நம்ம மொய்க் கவர்தானே?"

கடைக்காரம்மா சிரித்துவிட்டு, "அப்படித்தான்னு வெச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ஒரு வார்த்தை உனக்குப் போதுமாக இருந்தது. உறைகள் எல்லாம் தயாராகி அடுக்கி வைத்திருந்தபோது, நீ ஒரு கிண்ணத்தில் மஞ்சள் குழைத்துக்கொண்டு வந்தாய். மோதிர விரலால் தொட்டுத் தொட்டு ஒவ்வொன்றின் மூலையிலும் வைக்க ஆரம்பித்தாய்.

"அக்கா, நீயா வெக்கிற?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"நல்ல காரியத்துக்குப் போறது வெறும் மூலையோட போவக் கூடாதுடி. இது அமெரிக்காவுக்குப் போவுது. அங்க யாருக்கு என்னைத் தெரியும்?"

அன்றைக்கு நீ பாடினாய் அக்கா. வரியெல்லாம் தப்புத் தப்பாக, சினிமாப் பாட்டு. நீ பாடி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

உறைகள் மொத்தமாகத் திரும்பி வந்தன. கறை என்று சொல்லிவிட்டார்களாம். கடைக்காரம்மா மூட்டையை நம் முன்னால் தொப்பென்று போட்டார்.

"அது கறை இல்லம்மா, மஞ்சளு. நல்லதுக்குத்தான் வெச்சது" என்றேன்.

"யார் வெக்கச் சொன்னது? எல்லாம் பாழ். கை சுத்தமில்லாதவங்களை வெச்சு நான் கடை நடத்த முடியாது."

அவர் சொன்னது வேலைச் சுத்தம். உன் காதில் விழுந்தது வேறு. தொட்டித் தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டு கிளம்பினாய். நானும் பசைக் கிண்ணத்தை அங்கேயே போட்டுவிட்டு உன் பின்னால் ஓடி வந்தேன். பெரிய தெருவரை விறுவிறுவென்று நடந்தாய். தேர் நிற்கிற இடத்துக்கு வந்ததும் நின்றாய்.

"பாத்தியா மல்லிகா, அமெரிக்காவுக்குக்கூடத் தெரிஞ்சுபோச்சு."

அதற்கு நான் என்னவெல்லாம் சொன்னேன்! அவர்களுக்கு மஞ்சளே தெரியாது, அது குழம்பில் போடுவதா மூலையில் வைப்பதா என்றுகூடத் தெரியாது என்று கத்தினேன். நீ கேட்டுக்கொண்டாய். நம்பவில்லை. ஊரும் உறவும் வருஷக்கணக்காகச் சொல்லியும் உன் மனசு எங்கேயோ ஒரு மூலையில் ஏற்காமல் இருந்த ஒன்றை, கடல் தாண்டி வந்த அந்த மூட்டை உனக்கு உறுதி செய்துவிட்டது. இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

கவிதா கல்யாணத்துக்குப் பத்திரிகை அடித்து வந்தபோது, கிண்ணத்தை நான்தான் உன் முன்னால் வைத்தேன். நாத்தனார் வரவில்லை, தடுக்க யாரும் இல்லை. நீயே எழுந்து சமையல்கட்டுக்குப் போய்விட்டாய். "பொண்ணு நல்லா இருக்கணும்டி" என்றாய். பெற்றவள் கை பட்டால் பெண் நன்றாக இருக்கமாட்டாளா? யாரிடம் கேட்பது? அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சலில் படுத்தாய். எழுந்திருக்கவே இல்லை.

நேற்றைய கதைக்கு வருகிறேன். கடைக்குள் போனேன். கடைக்காரம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டு நாற்காலி போட்டார்.

"இந்த மஞ்சள் யாரு யோசனைம்மா?" என்று கேட்டேன்.

"நம்ம கடை டிசைன் மல்லிகா. முன்ன ஒரு தடவை திரும்பி வந்ததைத் தூக்கிப்போட மனசில்லாம அலமாரில வெச்சேன். வர்றவங்க எல்லாம் அதைத்தான் கேட்டு வாங்கினாங்க. இப்ப வேற எதுவும் போறதில்ல."

"பச்சையம்மான்னு ஒருத்தி இருந்தாளே?"

"யாரு... அந்தக் குள்ளமா இருப்பாங்களே, அவங்களா?"

நீ குள்ளம் இல்லை அக்கா. நான்தான் குள்ளம்.

ஒரு உறையை எடுத்து மூக்கருகில் வைத்துப் பார்த்தேன். மஞ்சள் வாசமே இல்லை, பெயிண்ட். உள்ளே இங்கிலீஷில் ஒரு சின்னச் சீட்டு இருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து, ஊரிலிருந்து வந்திருந்த கவிதாவிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். படித்துவிட்டுச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு தமிழில் சொன்னாள். 'சுமங்கலிப் பெண்கள் தங்கள் கையால் மஞ்சள் வைத்து வாழ்த்தி அனுப்பியது.'

சிரித்தேன் அக்கா. வயிறு எரிய எரியச் சிரித்தேன். உன் கையையும் எடுத்துக்கொண்டார்கள், அந்தக் கைக்கு இல்லாத பட்டத்தையும் கட்டிவிட்டார்கள்.

உனக்கு ஒரு செய்தி சொல்லவேண்டும், தள்ளிக்கொண்டே வந்தேன். உன் கொழுந்தனாரும் போய்ச் சேர்ந்துவிட்டார், போன தையில். இப்போது என்னையும் சமையல்கட்டுக்கு அனுப்புகிறார்கள். நீ இத்தனை வருஷம் எப்படி அங்கே உட்கார்ந்திருந்தாய்? எனக்கு மூச்சு முட்டுகிறது.

கவிதா மகளுக்கு வருகிற மாதம் காதுகுத்து. பத்திரிகைக் கட்டைக் கொண்டுவந்து என் முன்னால்தான் வைத்தாள். பக்கத்தில் கிண்ணம், அதில் குழைத்த மஞ்சள். நாத்தனாரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள்.

"இவ எப்படி வெப்பா?" என்றாள்.

"சித்திதான் அத்தை வெக்கணும். எங்கம்மாவுக்குக் குடுக்காம விட்டது போதும்."

நாத்தனார் எழுந்து போய்விட்டாள். ஒரு வாய் காப்பிகூடக் குடிக்கவில்லை. போகட்டும்.

கிண்ணத்துக்கு நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன் அக்கா, பொய் சொல்லமாட்டேன். குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று ஒரு நொடி எனக்கும் தோன்றியது. அப்போதுதான் தெரிந்தது, கவிதா கல்யாணத்தில் நீ ஏன் எழுந்து போனாய் என்று. நமக்குள்ளேயே எவ்வளவு ஆழமாக விதைத்துவிட்டார்கள்!

கிண்ணத்தை மூடி வைத்திருக்கிறேன். இதை எழுதி முடித்ததும் உட்காரப்போகிறேன். எழுந்து போகமாட்டேன், இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு. ஒரு பத்திரிகையும் வெறும் மூலையோடு இந்த வீட்டை விட்டுப் போகாது. முதல் பத்திரிகை உன் படத்துக்கு முன்னால்தான். அதில் மட்டும் மஞ்சளை விரல் நிறைய எடுத்து, வழிய வழிய வைப்பேன். கறை என்று எவள் சொல்கிறாள், பார்க்கிறேன்.

உன் கொழுந்தனாரைக் கட்டிக்கொண்டு வந்து உனக்குத் தங்கையானவள்,
ஓரகத்தி மல்லிகா