தாய்மொழி: தெலுங்கு

ஜூன் 9, திங்கள்

காலை ஐந்தரைக்கே வெயில். ஆறு மணிக்கு வாடகைக் கார். இவரைத் தூக்கி உட்கார வைக்க நானும் டிரைவரும். வலது கால் கதவில் நன்றாக இடித்தது. வேறு யாராவது என்றால் கத்தியிருப்பார்கள். இவர் 'ஆ' என்றார், அவ்வளவுதான். வலித்தாலும் ஆ, பசித்தாலும் ஆ.

சித்தூரிலிருந்து சந்திரகிரி வரை ரோடெல்லாம் மாங்காய் லாரி. மாங்கூழ் ஃபேக்டரி வாசலில் வரிசை நகரவே இல்லை. அழுகல் வாடை. "மாமிடிகாயலு சூடண்டி" என்று லாரியைக் காட்டினேன். என் விரலைப் பார்த்தார். மாங்காயைப் பார்க்கவில்லை.

திருப்பதி ஆஸ்பத்திரி. பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் லாவண்யா. இருபத்தேழு வயது இருக்கலாம். பொறுமைசாலி, எனக்கு இல்லாத குணம். மேஜையில் பட அட்டைகளைப் பரப்பி, சாவி எது, ஸ்பூன் எது, தொட்டுக் காட்டுங்கள் என்று தெலுங்கில் கேட்டாள். இருபதுக்கு மூன்று. அதுவும் குருட்டாம்போக்கில். முப்பத்திரண்டு வருஷம் டீச்சராக இருந்தவள் நான், எந்தப் பிள்ளை தெரிந்து எழுதுகிறது, எது குத்துமதிப்பாக எழுதுகிறது என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன்.

பக்கவாதம் வந்து எட்டு வாரம் முடிந்துவிட்டது. அடுத்த திங்கள் கடைசி டெஸ்ட். அதிலும் இதே கதை என்றால் 'புரிதல் இல்லை' என்று எழுதிப் பயிற்சியை நிறுத்திவிடுவார்களாம்.

வீட்டுக்கு வந்து மகனிடம் சொன்னேன். பிரசாத் ஏற்கெனவே எல்லாம் யோசித்து வைத்திருக்கிறான். திருப்பதியில் ஒரு பராமரிப்பு இல்லம், நர்ஸ் உண்டு, சுத்தம், ஞாயிறுதோறும் போய்ப் பார்க்கலாம். திங்கள் ரிசல்ட் வந்ததும் சேர்த்துவிடலாமாம். இதை அப்பாவின் தலைமாட்டில் நின்றுகொண்டே சொல்கிறான். "நான்னக்கு ஏமீ அர்த்தம் காது லேம்மா." அப்பாவுக்குத்தான் ஒன்றும் புரியாதே, கேட்டால் என்ன என்று.

வாங்க: பி.பி. மாத்திரை, பெரிய டயப்பர், தேங்காய் எண்ணெய். கேஸ் புக் செய்ய. கார்க்காரரிடம் வியாழனுக்குச் சொல்ல.

ஜூன் 10, செவ்வாய்

புழுக்கம். கொழுந்தன் தாஸ் நகரியிலிருந்து வந்தார், இவர் வீட்டுக்கு வந்த பிறகு முதல் முறை, அரை மூட்டை மாம்பழத்தோடு. பஸ்ஸில் தோளில் சுமந்துகொண்டு. சட்டையெல்லாம் பால் கறை.

நேரே கட்டிலுக்குப் போய் உட்கார்ந்தார். "அண்ணா, நாந்தான் தாஸு. இன்னாண்ணா துன்ன காலைல?"

இவர் தலை திரும்பியது. இடது கை எழுந்து தாஸின் சட்டைப் பையைப் பிடித்துக்கொண்டது. பார்த்தேன். பார்த்துக்கொண்டேதான் சொன்னேன், தெலுங்கில் பேசுங்கள் என்று.

விஷயம் இது. முதல் நாளே லாவண்யா சொல்லியிருந்தாள்: வீட்டில் எல்லோரும் ஒரே மொழியில் பேசுங்கள், இரண்டைக் கலந்தால் மூளை குழம்பும், தாய்மொழி எதுவோ அது மட்டும். ஃபாரத்தைப் பார்த்தாள், தெலுங்கு என்று இருந்தது. நான் தலையாட்டினேன். டீச்சர் புத்தி. ஒழுங்கு என்றால் ஒழுங்கு. அன்றிலிருந்து இந்தக் கட்டிலைச் சுற்றித் தமிழ் கிடையாது. ஜெபம் பண்ண வந்த சபைப் போதகரைக்கூடத் தெலுங்கிலேயே பண்ணுங்கள் என்றேன்.

"இன்னா அண்ணி சொல்ற? எங்கண்ணங்கிட்ட நான் தெலுங்குல பேசறதா?"

இது வைத்தியம், உங்கள் ஊர்ப் பஞ்சாயத்து இல்லை என்றேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு அண்ணன் பக்கம் திரும்பி, தாசில்தாரிடம் மனு கொடுக்கிறவர் மாதிரி இரண்டு வாக்கியம் தெலுங்கில். மூன்றாவது வரவில்லை. இவர் கை சட்டைப் பையிலிருந்து நழுவிவிட்டது.

டீயைத் தொடவில்லை. செருப்பு மாட்டும்போது சொன்னார், "உன் வூட்ல தமிழ் பேசக் கூடாதுன்னா சொல்லிடு அண்ணி. பழத்த வாசல்லயே குட்த்துட்டுப் பூட்றேன்."

போகட்டும். கோபித்துக்கொண்டு போகிறவரைக் காலில் விழுந்தா நிறுத்த முடியும்?

மாம்பழம் முப்பத்தெட்டு. நான்கு அடிபட்டது.

ஜூன் 11, புதன்

மதியம் இரண்டு மணிநேரம் கரன்ட் இல்லை. விசிறியால் வீசிக்கொண்டே இவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சகிக்கவில்லை. எழுதிவிடுகிறேன்.

இந்த நோட்டை இந்த வீட்டில் யாராலும் படிக்க முடியாது. மகனுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. மருமகளுக்குத் தமிழே தெரியாது. படிக்கத் தெரிந்த ஒரே ஆள் கட்டிலில். பூட்டு சாவி தேவையில்லாத நோட்டு.

ஃபாரத்தில் தெலுங்கு என்று எழுதியது நான்தான். ஆஸ்பத்திரி நடையில் நின்றுகொண்டு, பெஞ்சில் வைத்து எழுதினேன். பெயர், வயது, தாய்மொழி. கை தானாக எழுதியது. கல்யாணமான நாளிலிருந்து எல்லா ஃபாரத்திலும் அப்படித்தான். பிரசாத்தின் ஸ்கூல், என் வேலை, இவர் வேலை, ரேஷன், எல்லாம். எதற்கு வம்பு என்று. எங்கள் இரண்டு பேருக்குள் என்றைக்கும் தமிழ்தான், மகன் மருமகள் முன்னால் தெலுங்கு. தமிழ் என்று போட்டால் எந்த ஊர், எப்போது வந்தீர்கள் என்று ஒரு கேள்வி வரும். நான்கு தலைமுறையாக இங்கேயேதான் என்று விளக்க வேண்டும். யாருக்கு வேலை இல்லை? அன்றைக்கு நர்ஸ் என் கையெழுத்தைப் பார்த்து முத்து முத்தாக இருக்கிறது மேடம் என்றாள். அந்த நிலைமையிலும் எனக்குச் சந்தோஷம். கேவலம்.

சரி, அது மறதி என்றே வைத்துக்கொள்ளலாம். அடுத்ததை எதில் சேர்ப்பது? மூன்றாவது வாரம். கஞ்சிக் கிண்ணத்தைத் தட்டிவிட்டார். படுக்கையெல்லாம் கஞ்சி. எனக்குக் கோபம் வந்தால் தமிழ்தான் வரும். "கைய எடுங்க, எல்லாம் நாசமாப் போச்சு" என்று கத்தினேன். சட்டென்று கையை எடுத்தார். மறுநாள் வேண்டுமென்றே அதையே தெலுங்கில் சொல்லிப் பார்த்தேன். ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. ஐந்து வாரமாகத் தெரியும். சொல்லவில்லை. ஃபாரத்தில் பொய் எழுதினவள் ஆகிவிடுவேனே. தெலுங்கு டீச்சர், மாவட்டத்தில் பரிசு வாங்கினவள், வீட்டில் தமிழச்சி என்றால் மருமகள் என்ன நினைப்பாள், அவள் அம்மா என்ன நினைப்பாள். இதற்காகத்தான் ஒரு மனுஷனை ஐந்து வாரம் ஊமையாகப் போட்டு வைத்தேன். நாளாக நாளாகப் பழகிவிடும் என்றும் நினைத்தேன். நாற்பது வருஷம் ஆபீஸில் தெலுங்கில் எழுதிப் பேசிக் கிழித்தவர், அது எங்கே போய்விடும் என்று. போய்விட்டது. மூளையில் எந்த அறையில் எந்த மொழி இருக்கிறது என்று எனக்கு என்ன தெரியும்.

என் முதல் வேலை நகரிப் பக்கம் ஒரு கிராமத்தில். பிள்ளைகள் முக்கால்வாசி தமிழ் விவசாயிகள் வீட்டுப் பிள்ளைகள். தண்ணீர் குடிக்கப் போக வேண்டுமென்றால் தெலுங்கில் கேட்க வேண்டும், தமிழில் கேட்டால் விடமாட்டேன். அதே வகுப்பில் தாய்மொழியின் சிறப்பு என்று தெலுங்கில் கட்டுரை எழுத வைத்தேன். அத்தனை பிள்ளைகளும் தெலுங்கு என் தாய்மொழி என்று ஆரம்பித்தார்கள். அத்தனைக்கும் மார்க் போட்டேன்.

இரவுக் கஞ்சி பாதிதான். பி.பி. 150/90.

ஜூன் 12, வியாழன்

லேசான மூட்டம். திருப்பதி. கார் தாமதம், பத்து மணி ஆகிவிட்டது.

இவரை அறையில் விட்டுவிட்டு டிபன் டப்பா கழுவப் போனேன். குழாய்ப் பக்கம் லாவண்யா, முதுகைக் காட்டிக்கொண்டு, ஃபோனில். "எம்மா, துன்னியா? மாத்திரை போட்டுக்கினியா? நான் பஸ்ஸு கெடச்சா சாயங்காலம் வந்துடறேன்."

டப்பா கையில் இருந்தபடி நின்றேன். தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது.

திரும்பினாள். உடனே முகம் மாறி, தெலுங்கில், சொல்லுங்கள் மேடம்.

தமிழில் கேட்டேன். "எந்த ஊரும்மா நீ?"

ஃபோனைக் கீழே இறக்கினாள். "பலமனேரு மேடம். அம்மா குடியாத்தத்துக்காரங்க. வீட்ல தமிழ்தான்." பிறகு மெதுவாக, "நீங்க?"

"நாங்களும்தான்."

"சாரு?"

"சாரும்தான்."

அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். எட்டு வாரமாக இரண்டு தமிழச்சிகள் ஒருத்தரை ஒருத்தர் 'மேடம், செப்பண்டி' என்று உபசாரம் பண்ணிக்கொண்டு, நடுவில் ஒரு தமிழரை உட்காரவைத்துச் சாவி எது, ஸ்பூன் எது என்று தெலுங்கில் வதைத்திருக்கிறோம். கதையாகச் சொன்னால் சிரிப்பார்கள்.

ஃபாரத்தில் தெலுங்கு என்று இருந்ததே என்றாள். நான்தான் எழுதினேன் என்றேன். கஞ்சிக் கிண்ண விஷயத்தையும் சொன்னேன். பொய்க்கு மேல் பொய் சுமக்கத் தெம்பில்லை. திட்டுவாள் என்று நின்றேன். திட்டவில்லை.

"நானும் அப்டித்தான் மேடம் எழுதுவேன்" என்றாள். பிறகு, "ஆனா மேடம், பேச்சு திரும்பறதுக்கு மொதல் ரெண்டு மாசந்தான்..." முடிக்கவில்லை. முடிக்காவிட்டால் எனக்குப் புரியாதா?

அதே அட்டைகள், தமிழில். சாவி எது? தொட்டார். ஸ்பூன்? தொட்டார். கத்தரிக்கோல், குடை, செருப்பு. இருபதுக்குப் பதினாறு. ஒவ்வொன்றையும் தொட்டுவிட்டு லாவண்யாவைப் பார்க்கிறார், சரியா என்று. மாங்காய்ப் படத்தைத் தூக்கிக் காட்டிப் பேர் சொல்லச் சொன்னாள். உதடு திரும்பத் திரும்பக் கூடியது. "மா... மாங்... கா."

அவள் கைதட்டினாள். இவர் அழுதார். நான் ஜன்னல் பக்கம் போய்விட்டேன். எனக்கு அங்கே நிற்க என்ன யோக்கியதை?

ஃபாரத்தை எடுத்து லாவண்யா தெலுங்கை அடித்துவிட்டுத் தமிழ் என்று எழுதினாள். புரிதல் இருக்கிறது, பயிற்சி தொடரவும் என்று கீழே. பேச்சு எவ்வளவு வரும் என்று மட்டும் சொல்ல மாட்டாளாம்.

ஜூன் 13, வெள்ளி

பிரசாத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். குதித்தான். எப்படிம்மா இப்படிச் செய்தாய், படித்தவள்தானே நீ என்று. உன் ஸ்கூல் ஃபாரத்திலும் அதையேதான் எழுதினேன், அன்றைக்கு என்னை யாரும் கேட்கவில்லை என்றேன். அடங்கிவிட்டான். பராமரிப்பு இல்லம் பேச்சை எடுக்கவில்லை. எடுக்கட்டும் பார்க்கலாம்.

பிறகு அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்தான். தமிழில் பேச வேண்டுமே. நாற்பது வயது ஆண்பிள்ளை, வார்த்தைக்குத் திணறினான். "நைனா... காலு... நொப்பி... வலிக்குதா?" இவர் ஆமாம் என்று தலையாட்டினார். எட்டு வாரமாகக் கால் வலித்திருக்கிறது. யாரும் கேட்கவில்லை. கேட்டோம், தெலுங்கில் தினமும் மூன்று வேளை கேட்டோம்.

மருமகள் சமையலறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் என்ன நினைப்பாள் என்றுதானே பயந்தேன். அவள் கேட்டது ஒன்றுதான், வலிக்கிறதா என்பதை எப்படிச் சொல்ல வேண்டும், சொல்லிக்கொடுங்கள் என்று. நானெல்லாம் ஒரு ஜன்மம்.

தாஸுக்கு மூன்று முறை ஃபோன். மூன்றாவதில் அவர் மனைவி. "அவரு கைனிக்குப் போய்க்கீறாரு." கழனிக்குப் போனவர் அடுப்படியில் இருமுவது கேட்டது. வந்ததும் பேசச் சொல்கிறேன் என்றாள். சரி என்றேன். வேறென்ன சொல்ல.

வலி மாத்திரை, டாக்டரைக் கேட்டு. தைலம்.

ஜூன் 15, ஞாயிறு

விடியற்காலை தூறல். சபைக்குப் போகவில்லை.

நேற்று முழுக்கத் தமிழ், இன்றும் தமிழ். தொண்டை கட்டிவிட்டது. வாசலில் பூக்காரி வந்ததிலிருந்து எதிர்வீட்டு நாய் வரை எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். முகத்தையே பார்க்கிறார். இரண்டு வார்த்தை, மூன்று வார்த்தை திருப்பிச் சொல்கிறார். தண்ணி. போதும். தாஸு எங்க. கடைசியாகக் கேட்டதற்குத் தலையணையைச் சரிசெய்தேன்.

பத்து மணிக்கு மாம்பழம் நறுக்கி ஊட்டினேன். இரண்டு துண்டு தின்றார். மூன்றாவதை நீட்டியபோது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். இடது கையில் அவ்வளவு பலம் இருக்கும் என்று நினைக்கவில்லை. வாய் கோணிக் கோணி நேரானது. நான் அவசரப்படுத்தவில்லை, லாவண்யா அப்படித்தான் சொல்லியிருக்கிறாள்.

"இத்தினி நாளு... எங்கூட... இன்னாத்துக்கு... பேசல நீ?"

எட்டு வாரம் இந்தக் கட்டிலை விட்டு நகராமல், விடிந்ததிலிருந்து படுக்கிறவரை வாய் ஓயாமல் பேசினவள் நான்.