ஒரே காயின் விதைகள்

4 மார்ச் 1934, ஞாயிறு
மழை விட்டதும் கொல்லைக்குப் போனேன். வெள்ளைக்காரப் பூசணியில் இன்னும் மூன்று பிஞ்சு. துரைசானி சீமையிலிருந்து வரவழைத்த இனம். நீளமாக, வழுவழுவென்று இருக்கிறது. பங்களாத் தோட்டக்காரர் அய்யாவு முற்றிய காய் ஒன்று கொடுத்தார். விதையைக் கிருஷ்ணம்மாவும் நானும் பங்கு போட்டுக்கொண்டோம். கூலி லயத்தில் இருக்கிறாள்; என்னோடு ஒரே கப்பலில் இந்த ரெங்கம் ரப்பர் தோட்டத்துக்கு வந்தவள். என் காய் தித்திப்பு. அவளுடையது குட்டையாக, கோடு போட்டு, மேலெல்லாம் பரு. ஒரே காயின் விதைதானே, ஏன் இப்படி? இவரைக் கேட்டேன். "கணக்கெழுதுற கிராணிகிட்ட கேக்குற கேள்வியா இது?" என்கிறார்.

7 மார்ச்
"காய் கசக்குதுக்கா, தூக்கிப் போட்டுறவா?" என்று கிருஷ்ணம்மா வேலியோரம் வந்து கேட்டாள். பாகற்காய் தின்கிற நமக்குக் கசப்பு என்ன புதுசா, வெல்லம் போட்டு வை, உடம்புக்கு நல்லது என்றேன்.

9 மார்ச்
கிருஷ்ணம்மாவுக்கும் அவள் புருஷன் செல்லப்பனுக்கும் ஓயாத வாந்தி, வயிற்றுப்போக்கு. தோட்டத்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்கள். பிள்ளை சாப்பிடவில்லையாம், நல்ல காலம்.
போய்ப் பாக்கணும். என்னன்னு சொல்லிப் போறது?

12 மார்ச்
போகவில்லை.

2 ஏப்ரல்
இருவரும் பிழைத்துப் பால்வெட்டுக்குப் போகிறார்கள். ஆனால் அவளுக்கு முடி கொத்துக்கொத்தாகக் கொட்டுகிறதாம். நல்ல விதையை நான் வைத்துக்கொண்டு கெட்டதை அவள் தலையில் கட்டினேன் என்று அவள் பக்கத்து வீட்டு வெள்ளையம்மா லயமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். குழாயடியில் என்னைக் கண்டதும் கிருஷ்ணம்மா பாதிக் குடத்தோடு போய்விட்டாள். பார்க்காமல் அள்ளிக் கொடுத்த விதை — பொறுக்கவா செஞ்சேன்?

15 ஏப்ரல்
அய்யாவுவைக் கேட்கப் பங்களாவுக்குப் போனேன். வராந்தாவில் ஒரு கூடை நிறையக் குட்டிப் பூசணி. அதே கோடு, அதே பரு.
"அது அழகுக்கு வெக்கிறதும்மா. காட்டுச் சாதி, வாயில வெக்க முடியாது. சாப்பிடுற பூசணிக்குப் பக்கத்துலதான் படர விட்டிருக்கோம்" என்றார்.
பக்கத்திலா? வண்டு இரண்டு பூவிலும்தானே உட்காரும்.

16 ஏப்ரல்
ஆனால் அய்யாவு கொடுத்த காய் கசக்கவில்லையே, நானே சமைத்தேனே. அப்படியானால் சதை தாயினுடையது. விதையில்தான் தகப்பன் வருகிறான். ஒரே காய்க்குள் சில விதைக்கு நல்ல பூசணி அப்பன், சில விதைக்குக் காட்டுப் பூசணி அப்பனா? இவர் எட்டிப் பார்த்துவிட்டு, "இதையெல்லாம் பொம்பள எழுதி வெப்பாளா?" என்றார். பூசணிக்கே வெட்கமில்லை, எனக்கென்ன.

20 ஏப்ரல்
என் பங்கில் மிஞ்சிய பதினொரு விதையையும் ஊன்றினேன்.

19 ஜூன்
ஒன்பது கொடி காய்த்தது. ஒவ்வொன்றிலும் துளி அரிந்து நாக்கு நுனியில் வைத்துத் துப்பினேன். ஆறு தித்திப்பு, மூன்று கசப்பு. கசந்த மூன்றிலும் பரு. என் பங்கிலும் கெட்டது இருந்திருக்கிறது. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? சந்தோஷத்தில் சோறு இறங்கவில்லை.

20 ஜூன்
ஒன்பது காயையும் முறத்தில் அடுக்கிக்கொண்டு லயத்துக்குப் போனேன். வண்டு, ஆண் பூ, பெண் பூ, ஒன்றுவிடாமல் சொன்னேன். கிருஷ்ணம்மா முக்காட்டைச் சரிசெய்தபடி கடைசிவரை கேட்டாள்.
"விதையப் பத்தி வெள்ளையம்மாதான் பேசுது. நான் ஒரு வார்த்தை பேசல, கிராணியம்மா. தூக்கிப் போடவான்னு உங்களத்தானே கேட்டேன்? திங்கச் சொன்னீங்க. ஆறு நாள் ஆஸ்பத்திரில கெடந்தேன். நீங்க வரவே இல்ல."
முறத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். கிராணியம்மாவாம். என்றைக்கு அவள் என்னை அப்படிக் கூப்பிட்டாள்?

21 ஜூன்
பயந்துட்டேன். அவ செத்துட்டா நான்தான் கொன்னேன்னு ஆயிடுமேன்னு பயந்துட்டேன். அதை மறைக்கத்தான் இத்தனை நாள் பூசணியைக் குடைந்தேனா? முழுக்க அப்படியும் இல்லை; தெரிந்துகொள்ளும் ஆசையும் நிஜம். ஆனால் அவள் கேட்டது அதை இல்லை.

22 ஜூன்
வெறுங்கையோடு போனேன். தெரியாததைத் தெரிந்த மாதிரி சொன்னது என் தப்பு, வராமல் இருந்தது அதைவிடத் தப்பு என்றேன். அவள் பிள்ளைக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். கடைசிப் பொத்தான்வரை போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

1 ஜூலை
தித்திப்புக் கொடியில் பெண் மொட்டு விரியுமுன் துணி கட்டினேன். காலையில் அவிழ்த்து, கட்டி வைத்திருந்த ஆண் பூவைத் தடவி, மறுபடி கட்டினேன். வண்டுக்கு இதில் வேலையில்லை.

5 ஆகஸ்ட், ஞாயிறு
மத்தியானம் கிருஷ்ணம்மா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். முடி இரண்டு விரற்கடை வளர்ந்திருக்கிறது. அடுப்பில் பூசணிக் கூட்டு இருந்தது. இரு, நான் முதலில் சாப்பிட்டுக் காட்டுகிறேன் என்றேன். அதற்குள் சட்டியிலிருந்து ஒரு கரண்டி எடுத்து, ஊதி, பிள்ளைக்கு ஊட்டிவிட்டாள். மிச்சத்தைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.
"உப்புப் பத்தலக்கா" என்றாள்.