பூந்தடாகத்துச் சுவரைக் குறித்துக் கார்வரை மன்னருக்கு

கடலையும் கழியையும் காவலாகக் கொண்ட நெய்தற்கோட்டு நாட்டை ஆளும் பேரரசி இளநங்கையாரின் ஆணைப்படி, அவர்தம் முதலமைச்சன் ஆதிச்சன் எழுதிய ஓலை. மேகம் இறங்கித் தங்கும் மலைகளுக்கு உரியவரும், சொன்ன சொல் பிறழாதவர் என்று பெயர் பெற்றவருமான கார்வரைக் கோமான் வெண்கொடியார் திருமுன் இது படிக்கப்படுவதாக. தங்கள் சுனைகள் வற்றாதிருக்க. தங்கள் குடிகள் பசியறியாதிருக்க.

தங்கள் ஓலை வந்து சேர்ந்தது. வரும் மாசி விழாவுக்குத் தங்கள் சுற்றத்தார் எம் தலைநகராகிய ஆழித்துறைக்கு வரவிருப்பதாகவும், பொருள் கொடாமல் அங்கே கண்டு மகிழத்தக்கவை எவை என்று அறிய விரும்புவதாகவும் எழுதியிருந்தீர்கள். சென்ற ஆண்டு தாங்கள் எழுந்தருளியபோது செய்தது போலவே, பூந்தடாகத்தின் கரையைப் பொதுமக்கள் எவரும் கண்ணில் படாதபடி ஒழித்துத் தரவேண்டும் என்றும் கேட்டிருந்தீர்கள்.

முதற் கேள்விக்கு விடை எளிது. பகலில் கலங்கரை விளக்கத்தின் மேலேறிக் கப்பல்களைப் பார்க்கலாம். மாலையில் பூந்தடாகத்தில் அரண்மனை யானைகள் நீராடுவதையும், நீராழி மண்டபத்தில் யாழ் வாசிப்பதையும் கரையில் அமர்ந்து கண்டும் கேட்டும் இருக்கலாம். இவற்றுக்கு வரி கிடையாது. பேரரசியின் பாட்டனார் காலத்திலிருந்து அதுவே வழக்கம். இரண்டாவது கேள்விக்கு விடை சொல்லுமுன், அழிசி என்பவனுக்கு நேர்ந்ததைத் தாங்கள் கேட்டருள வேண்டும்.

அழிசி பாய்மரம் ஏறும் தொழிலாளி. புயலில் மரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்விழந்தான். அவன் மனைவி எயினி கப்பலுக்குக் கயிறு திரித்துப் பிழைப்பவள். மாலையானதும் கணவனைக் கைவண்டியில் ஏற்றி, மேட்டுத் தெருவில் மூச்சு வாங்கத் தள்ளிக்கொண்டு கரைக்கு வருவாள். யானைகளுள் எது சண்டைக்காரி, எது தண்ணீருக்கு அஞ்சும் என்றெல்லாம் அவன் அருகிலிருப்பவர்களுக்குச் சொல்லிச் சிரிப்பான். வீட்டுக்குத் திரும்பினால் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பதன்றி அவனுக்கு வேறொன்றும் இல்லை.

தாங்கள் வருவதற்கு முன்னர்த் தங்கள் பரிவாரத் தலைவர் எம் நகரக் காவல் தலைவன் மாநாகனிடம், தம் மன்னரின் கண்ணில் முடவரும் கந்தல் உடுத்தவரும் படலாகாது என்று கூறினார். மாநாகன் அதை ஆணையாகவே ஏற்றுக் கரை முழுதும் மூங்கில் தட்டி கட்டினான். எயினி வண்டியோடு வாயில் வாயிலாகச் சென்று கேட்டாள். விருந்தினர் போனதும் வரலாம் என்றார்கள். அவள் அதை நம்பினாள். கணவனையும் நம்பச் சொன்னாள்.

தாங்கள் விடைபெற்றுச் சென்றீர்கள். தட்டி போகவில்லை. கூட்டமில்லாத கரை செல்வர்களுக்குப் பிடித்துப்போயிற்று. மாநாகன் தட்டியை எடுத்துவிட்டு, அதே இடத்தில் ஆள் உயரத்துக்கு இரு மடங்காகக் கற்சுவர் எழுப்பினான். எயினி மும்முறை அவன் வாயிலில் முறையிட்டாள். மூன்றாம் முறை ஏவலர் அவள் வண்டியைக் கவிழ்த்தனர். வண்டியில் அழிசி இருந்தான்.

அதன்பின் அவர்கள் சுவருக்கு வெளியே தெருவில் அமர்ந்து யாழ் கேட்டார்கள். ஒரு மாலை அவன் மனைவியிடம் கயிறு கேட்டான். அவள் வேண்டாம் என்றாள். கால்தான் போயிற்று, கை போகவில்லை என்றான் அவன். சுவரைத் தாண்டி வெளியே சாய்ந்திருந்த புன்னைக் கிளையில் அவள் கயிற்றை வீசிக் கட்ட, கைகளாலேயே ஏறிச் சுவரின் மேல் அமர்ந்தான். முகத்தில் காற்றுப் பட்டதும் அவன் அழுததாக எயினி எம் அவையில் கூறினாள்.

உள்ளே நின்ற காவலன் ஒருவன் இறங்கச் சொன்னான். அழிசி தணிந்த குரலில் சொன்ன விடையை அங்கிருந்தவர் பலரும் கேட்டனர்: "கொஞ்சம் பொறு தம்பி. யானை இப்பத்தான் இறங்குது. அது கரையேறினதும் நானும் இறங்கிடறேன்."

செல்வர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காவலன் ஈட்டிக் காம்பால் அவனைத் தள்ளினான். கற்பாவிய தெருவில், மனைவியின் காலடியில் விழுந்து அழிசி இறந்தான். உள்ளே வாசிப்பு நிற்கவில்லை.

விசாரணையில் மாநாகன், கார்வரை மன்னரின் மதிப்புக்காகவே தான் அனைத்தும் செய்ததாகவும், அதை ஒருவரும் குறை சொல்லவில்லை என்றும் கூறினான். பேரரசி அவன் பதவியைப் பறித்து, அழிசியைத் தள்ளிய காவலனோடு சிறையிலிட்டார். சுவர் இடிக்கப்பட்டது. எயினியை அழைத்து, வீடும் நிலமும் தருவதாகச் சொன்னார். அவள் பெற்றுக்கொள்ளவில்லை.

"சுவர இடிச்சது நல்லதுதான் தாயே," என்றாள். "அவரு இருக்கும்போதுதானே நான் கேட்டேன்."

கரை திறந்தது என்று நகரெங்கும் பறையறைந்தோம். அன்று மாலை யானைகள் வந்தன, யாழும் வாசிக்கப்பட்டது. கரையில் ஒருவரும் இல்லை. வேலை முடிந்து திரும்பியவர்கள் தலையைத் திருப்பாமல் தெருவோடு போனார்கள். மாதங்கள் சென்றும் இன்று வரை அங்கே வந்து அமர்வோர் சிலரே. அவர்களும் காவலர் நிழல் கண்டால் எழுந்து விடுகிறார்கள்.

ஆகவே பேரரசியின் ஆணையைத் தெரிவிக்கிறேன். தங்கள் சுற்றத்தார் வரலாம். குடையும் சிவிகையும் ஊர் எல்லையில் நிற்க, நடந்து வந்து, இடம் இருக்கும் இடத்தில் தரையில் அமர்ந்து காணலாம். அவர்களுக்காக ஒரு முடவனும் ஒரு குழந்தையும் எழுப்பப்பட மாட்டார்கள். அருகில் எவரேனும் வந்து அமர்ந்தால், அதைத் தமக்குக் கிடைத்த மரியாதையாக அவர்கள் கொள்க. இது தங்கள் பெருமைக்கு ஒவ்வாதெனில், வருகையைத் தவிர்த்தருள்க. எம் வாயில் அதற்காக வருந்தாது.

சங்கு இலச்சினை இட்டு, பேரரசி தம் கையால் தொட்டுக் கொடுத்த ஓலை இது. கொண்டு வரும் தூதனிடம் விடையாக ஒரு சொல் போதும்: நடப்போம் என்றோ, வாரோம் என்றோ.