சுண்ணாம்புத் தண்ணீர் பாலான வாரம்

மே 5, திங்கள்

காலையிலேயே மழை. எல்லாம் நான் முன்பே சொன்னதுதான். மழை வரும் என்றேன், வந்தது. லீவு விட்டால் பிள்ளைகள் வீட்டைத் தலைகீழாக்கும் என்றேன், ஆக்கின. தங்கை கிரேஸ் ஆஸ்பத்திரி டூட்டிக்குப் போகும்போது மூன்றையும் என் தலையில் கட்டுவாள் என்றேன், கட்டினாள்.

மூன்று: கிரேஸின் மகள் ஜெனி, ஏழு வயது. அடுத்த வீட்டு அபிஷா. அவள் தம்பி லிபின்.

டிவி கூடாதாம். "ஏதாவது உருப்படியாட்டு சொல்லிக் குடு அண்ணே" என்று உத்தரவு. சரி, கெமிஸ்ட்ரி. வீட்டுச் சாமானே போதும். கல்ஃபில் கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் கம்பெனியில் பதினோரு வருடம். என் கை படாமல் ஒரு கெமிக்கல் டிரம் உள்ளே போனதில்லை. ஒன்பதாம் வகுப்பு என்று கிரேஸ் கேலி பண்ணுவாள். பத்தாம் வகுப்பிலும் மூன்று வாரம் இருந்தேன். அதை யாரும் சேர்ப்பதில்லை.

இன்று: மஞ்சள் பூசிய துணியில் சோப்பு. சிவந்தது. அபிஷா வாயைப் பிளந்தாள். ஏன் சிவந்தது என்று ஜெனி. மஞ்சளுக்குக் கோபம் என்றேன். மேலே எலுமிச்சை பிழிந்தால் மறுபடி மஞ்சள். "இப்ப கோவம் போச்சா மாமா?" போச்சு. உண்மையில் ஏன் என்று எனக்கும் தெரியவில்லை. பெரிய கம்பெனியில் இதையெல்லாம் யாரும் கேட்பதில்லை.

வாங்க: எலுமிச்சை 6, ஆப்பசோடா, சுண்ணாம்பு, ஸ்ட்ரா. செருப்பு தைக்க.

மே 6, செவ்வாய்

மேகம் மட்டும். சாமான் வாங்க வடசேரி போய் வந்தேன். செருப்பு மறந்தது. பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மா போனில்: "ரசம் போதும்டி, அவன் என்ன கலெக்டரா?" யாரோ பாவம்.

ஆப்பசோடாவில் எலுமிச்சை. கிளாஸைத் தாண்டிப் பொங்கியது. லிபின் மேசைக்கடியில். ராக்கெட்டுக்கு இதைத்தான் ஊற்றுகிறார்கள் என்றேன். மிச்ச சோடாவை அடுக்களையில் ஒரு டப்பாவில் கொட்டிவைத்தேன்.

பிறகு சுண்ணாம்பு. வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து, அடியில் தங்கவிட்டு, மேலே தெளிந்ததை மட்டும் கிளாஸில் இறுத்தேன். பார்த்தால் பச்சைத்தண்ணீர். ஸ்ட்ரா வைத்து ஊதினால் பால்போல வெளுக்கும். உறிஞ்சக்கூடாது, ஊத மட்டும்தான் என்று பத்துமுறை சொன்னேன். ஸ்ட்ராவுக்கு அடிபிடி. ஒருவருக்கும் காது கேட்கவில்லை.

"கள்ளம் சொல்லுகவனுக்க மூச்சு பட்டாத்தான் இது பாலாவும்" என்றேன். அமைதி. கல்ஃப் போலீஸ் ஸ்டேஷனில் ஒரு எகிப்து டாக்டர் இதை வைத்துத்தான் கள்ளனைப் பிடிப்பார், கூடவே நின்று பார்த்தவன் நான். இன்னும் அமைதி. வாத்தியாராகப் போயிருக்க வேண்டியவன்.

ஊதிக் காட்டினேன். வெளுத்தது. "மாமா என்ன கள்ளம் சொன்னிய?" என்றாள் அபிஷா. உங்களுக்குக் காட்ட மனசுக்குள் ஒன்று சொல்லிக்கொண்டேன் என்றேன்.

மே 7, புதன்

வெயில். ஆப்பமாவு நாசம். கிரேஸ் காலையில் பார்த்தால் மாவு பொங்கித் தரையெல்லாம். மிச்சத்தைச் சுட்டால் மஞ்சள் நிறம், வாயில் வைத்தால் சோப்பு.

"ஜெனி, மாவுல சோடா போட்டியா?"

"போடல்லம்மா."

"நேத்து அத வச்சுதானே வெளையாடின?"

"நான் போடல்லம்மா."

கிரேஸ் முகத்தைத் தூக்கிக்கொண்டு டூட்டிக்குப் போனாள். மதியம் நேற்றைய குழம்பு. சுண்ணாம்புத் தண்ணீரை வைத்துப் பார்க்கலாம் என்றது அபிஷா. ஜெனி அவளாகவே கிளாஸை இழுத்து ஊதினாள். வெளுக்காது என்று அத்தனை நம்பிக்கை.

வெளுத்தது.

"ஏட்டி, கள்ளி" என்றாள் அபிஷா. லிபின் கைகொட்டினான். தங்கள் மூச்சை ஊதிப் பார்க்க இரண்டுக்கும் தைரியமில்லை. ஜெனி கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். டீ போடப் போனேன்.

மாலையிலிருந்து ஜெனியிடம் பேச்சில்லை. சாப்பிட்டியா என்றால் தலையாட்டல். பல்லியைக் காட்டினேன், அதற்கும் தலையாட்டல்.

மே 8, வியாழன்

புழுக்கம். ஜெனி இன்றும் வாய் திறக்கவில்லை. மதியம் பிள்ளைகள் தூங்கும்போது ஒவ்வொரு தடவையும் புதிதாக இறுத்து நானே ஊதிப் பார்த்தேன்.

"என் பெயர் செல்வராஜ்." வெளுத்தது. என் சொந்தப் பெயர்.

"இன்று வியாழன்." வெளுத்தது. காலண்டரைப் பார்த்தேன், வியாழன்தான்.

ஒன்றும் சொல்லாமல். வெளுத்தது.

தண்ணீருக்கு என்மேல் ஏதோ பகை. விடாமல் ஊதினேன். தலை சுற்றியது, காது அடைத்தது, அப்போது பால் தெளிந்து பழையபடி தண்ணீர். இது என்ன கூத்து? வெளுப்பதும் அதுவே, தெளிவதும் அதுவே. எகிப்து டாக்டர் இதைச் சொல்லவில்லை.

சாயங்காலம் கிரேஸ் மீன்குழம்பில் உப்புப் போட்டாள். குழம்பு பொங்கியது. டப்பாவில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"அண்ணே, உப்பு டப்பாவுல சோடாவ கொட்டினது யாரு?"

இரண்டும் வெள்ளை. பெரிய கம்பெனியில் என்றால் லேபிள் ஒட்டியிருப்பார்கள் என்றேன். கிரேஸ் டப்பாவைக் கீழே வைத்தாள். ஜெனியை இழுத்து மடியில் வைத்து, "மக்ளே, நீ போடல்ல. உப்புன்னு நெனச்சு அம்மைதான் மாவுல போட்டுட்டேன்" என்றாள்.

ஒரு நாள் கழித்து ஜெனியின் முதல் பேச்சு: "தண்ணி பாலாச்சேம்மா. நான் அறியாம போட்டிருப்பேன்."

"என்ன தண்ணி?"

அபிஷா ஒன்று விடாமல் ஒப்பித்தாள், போலீஸ் ஸ்டேஷன் உட்பட.

"எல்லா மனுசனுக்க மூச்சுக்கும் அது வெளுக்கும். நர்சிங்குல மொத வருசம் படிச்சதாக்கும். கள்ளம்னு யாரு சொன்னது அண்ணே?"

எகிப்து டாக்டர் என்றேன்.

மே 9, வெள்ளி

மழை. கிரேஸ் சொன்னதை ஜெனி நம்பவில்லை. அம்மை கல்ஃப் போனதில்லையாம், மாமா நேரில் பார்த்தவராம். என்மேல் இத்தனை நம்பிக்கை வைத்த ஆள் இந்த வீட்டில் இது ஒன்றுதான்.

ஒரு வழி செய்தேன். நிரபராதி நிறுத்தாமல் ஊதினால் தெளிந்துவிடும் என்றேன். ஊதினாள். சுண்ணாம்பு கூடிப்போயிருக்கும், தெளியவில்லை. மூச்சு வாங்க வாங்க ஊதினாள். கண் சிவந்தது. "நான்தான் மாமா போட்டது" என்றாள். அவள் போடவில்லை என்பது ஊருக்கே தெரியும்.

கையிலிருந்து ஸ்ட்ராவை வாங்கினேன்.

"மக்ளே, எகிப்து டாக்டர்னு ஒருத்தரும் இல்ல."

"போலீஸ் ஸ்டேஷன்?"

"அதும் இல்ல."

"கல்ஃபு?"

"கல்ஃபு உண்டு."

"டிரம்மு?"

"உண்டு. உருட்டினேன். உள்ள என்ன இருந்துன்னு எனக்குத் தெரியாது."

"அப்ப கள்ளம் சொன்னது மாமாவா?"

ஆமா என்றேன். புதிதாக ஒரு கிளாஸ் இறுத்து என் முன்னால் வைத்தாள். "ஊதுங்க." ஊதினேன். வெளுத்தது.

"மாமாவுக்கு மட்டும் இது செரியாட்டு சொல்லுது" என்றாள். பிறகு அபிஷாவிடம் சொல்ல மழையில் ஓடினாள், குடை எடுக்காமல்.

எல்லார் மூச்சிலும் அப்படி என்னதான் இருக்கிறது என்று இன்னும் புரியவில்லை. செவ்வாய்க்கிழமைப் பக்கத்தைத் திருத்தவேண்டும். கள்ளம் சொன்னால் வெளுக்கும் என்பதை எங்கேயும் பார்த்ததில்லை, யாரும் சொல்லித் தந்ததுமில்லை. பிள்ளைகள் சத்தம் போட்டபோது என் வாயில் வந்தது.